இயற்கைக்குக் கோவம் வருமா? பேரழிவுப் படங்கள் வேலை செய்யற விதம், ஒரு எளிய விளக்கம்

எங்கயாவது பெரிய வெள்ளமோ காட்டுத்தீயோ வந்தா போதும், அன்னைக்கு சாயங்காலமே யாராவது ஒரு படத்தோட சீன வெட்டி எடுத்து "அப்பவே சொன்னாங்க, இயற்கை பழிவாங்க ஆரம்பிச்சிருச்சு"ன்னு ஷேர் பண்ணிடுவாங்க. கீழ நூறு பேரு ஆமா ஆமான்னு போடுவாங்க, நாலு பேரு "சினிமா பாத்துட்டு சயின்ஸ் பேசாதீங்க"ன்னு திட்டுவாங்க. எனக்கு இந்த மாதிரி படங்கள் சின்ன வயசுல இருந்தே ரொம்பப் பிடிக்கும், அதனாலயே இந்தச் சண்டையப் பாக்கும்போது ஒரு வருத்தம் வரும், ஏன்னா படத்துல எது கற்பனை எது நிஜம்னு ரெண்டு பக்கமும் தப்பான இடத்துல கோடு போடுறாங்க. அத நிதானமா பேசிப் பாக்கலாம்னுதான் இது. முன்னாடியே எதுவும் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

மூணு விதமான அடி

நீங்க தெருவுல நடந்து போறீங்கன்னு வெச்சுக்கங்க. முதல் நாள் மேல் மாடியில இருந்து ஒரு பூந்தொட்டி காத்துல சரிஞ்சு உங்க தோள்ல விழுது. அடுத்த நாள் ஒரு நாய் பாஞ்சு கடிக்குது. மூணாவது நாள், நீங்க எப்பவோ ஏமாத்தின ஒரு ஆள் தேடி வந்து கன்னத்துல அறையறாரு. வலி மூணும் வலிதான். ஆனா வீட்டுக்குப் போய்ப் படுத்தா மனசுல ஓடறது வேற வேற. தொட்டிக்கு நேரத்த நொந்துக்குவோம், நாய்க்கு அந்தத் தெருப் பக்கமே போக மாட்டோம், மூணாவது அடிக்கு மட்டும்தான் "நாம பண்ணது தப்புதானே"ன்னு உள்ள குறுகுறுக்கும்.

பேரழிவுப் படங்களையும் இப்படியே பிரிச்சுடலாம். 1996ல வந்த 'ட்விஸ்டர்' சூறாவளிப் படம், 1997ல அடுத்தடுத்து வந்த ரெண்டு எரிமலைப் படம், இதெல்லாம் பூந்தொட்டி வகை, அங்க எரிமலைக்கு யாரு மேலயும் பகை கிடையாது. 1975ல வந்த 'ஜாஸ்' சுறா படம் நாய் வகை. மூணாவது வகைதான் நாம பேசப்போறது, அத இயற்கைப் பழிவாங்கல் படம்னு கூப்பிடலாம்: மனுஷன் இயற்கைக்கு ஏதோ கெடுதல் பண்ணியிருக்கான், அதுக்கு இயற்கை அவனத் தண்டிக்குதுன்னு கதை சொல்ற படம். ஒரே படத்துல ரெண்டு வகை கலந்தும் வரும், அதனால லேபிள் ஒட்டறதுல ரொம்ப மெனக்கெட வேண்டாம். பாக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும், இந்தப் படம் இயற்கைக்கு ஒரு மனசு குடுக்குதா இல்லையா?

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோதான்: அடி ஒண்ணா இருந்தாலும் அதுக்குப் பின்னாடி ஒரு எண்ணம் இருக்குன்னு காட்டுற படம்தான் பழிவாங்கல் படம்.

நமக்கு ஏன் அது உடனே ஒட்டிக்குது

இருட்டுல நாற்காலியில கால் இடிச்சுக்கிட்டா நாற்காலியத் திட்டுறோம். வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா "இன்னைக்கு இது அடம் பிடிக்குது"ன்னு சொல்றோம். நம்ம மொழியிலயே பாருங்க, புயலுக்கும் வெள்ளத்துக்கும் பொதுவா போடுற வார்த்தையே "இயற்கைச் சீற்றம்", சீற்றம்னா கோவம்தானே. உயிரில்லாததுக்கும் மத்த உயிர்களுக்கும் மனுஷனோட எண்ணத்தையும் உணர்ச்சியையும் ஏத்திப் பாக்குற இந்தப் பழக்கத்துக்கு மனிதப் பண்பேற்றம்னு பேரு.

இது எவ்ளோ ஆழமா இருக்குன்னு காட்டுன ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1944ல ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியன் சிம்மல்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு குட்டிப் படம் பண்ணாங்க. அதுல ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரி திறந்து மூடுற ஒரு பெட்டி, அவ்ளோதான், நடிகர் இல்ல முகம் இல்ல, வெறும் வடிவங்கள் நகருது. பாத்தவங்ககிட்ட என்ன பாத்தீங்கன்னு கேட்டா கிட்டத்தட்ட எல்லாருமே கதை சொல்லியிருக்காங்க: பெரிய முக்கோணம் முரடன், சின்னது தைரியசாலி, வட்டம் பயந்து ஓடுது. காகிதத்துல வெட்டுன முக்கோணத்துக்கே நாம மனசு குடுக்குறோம்னா கண்ணு இருக்குற பறவைக்கும் பல்லு இருக்குற சுறாவுக்கும் குடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?

சினிமாக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும். காமிராவ ஒரு பாத்திரத்தோட கண்ணு இருக்குற இடத்துல வெச்சு, அது பாக்குறதையே நமக்கும் காட்டுறதுக்கு பி.ஓ.வி. ஷாட்னு பேரு. 'ஜாஸ்'ல ஷூட்டிங் நேரத்துல இயந்திரச் சுறா அடிக்கடி ரிப்பேர் ஆகிட்டே இருந்ததால இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவக் காட்டாம தண்ணிக்கு அடியில இருந்து நீந்துறவங்க காலப் பாக்குற மாதிரி ஷாட் வெச்சாரு, கூட இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸோட அந்த ரெண்டே ரெண்டு ஸ்வரம். பாக்குறவங்களுக்கு அங்க மீன் தெரியறதில்ல, ஒரு ஆள் நோட்டம் விடுறதுதான் தெரியுது. புதர் ஓரத்துல இருந்து ஒரு ஷாட் வெச்சா புதர் பாக்குது, மரத்து உச்சியில இருந்து வெச்சா மரம் பாக்குது. ஸ்க்ரிப்ட்ல ஒரு வரி கூட எழுதாம இயற்கைக்கு எண்ணம் வந்துடுது.

அந்தப் பறவைகளுக்கு நிஜத்துல என்ன ஆச்சு

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம், கொஞ்சம் மெதுவாவே போலாம்.

1963ல வந்த இயக்குநர் ஹிட்ச்காக்கோட 'தி பேர்ட்ஸ்' படத்துல கலிஃபோர்னியா கடலோர ஊர் ஒண்ணுல பறவைங்க கூட்டங்கூட்டமா வந்து மனுஷங்களத் தாக்கும். ஏன் தாக்குதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாங்க. டாஃப்னி டு மாரியே 1952ல எழுதின கதைதான் மூலம். ஆனா படம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1961 ஆகஸ்ட்ல, அதே கலிஃபோர்னியாவுல மான்டெரே வளைகுடா ஓரத்துல நிஜமாவே ஒரு ராத்திரி கடல் பறவைங்க பெருங்கூட்டமா வந்து வீட்டுக் கூரையிலயும் கார்லயும் மோதி விழுந்துச்சு, தெருவெல்லாம் செத்த பறவை, அதுங்க கக்கின நெத்திலி மீன். அந்த ஊர்ப் பத்திரிகையில வந்த செய்திய ஹிட்ச்காக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. காரணம் அப்ப யாருக்கும் புரியல, பனிமூட்டத்துல வெளிச்சத்தப் பாத்துக் குழம்பி வந்துருக்கும்னு சொன்னாங்க.

இருபத்தாறு வருஷம் கழிச்சு துப்பு வேற ஒரு மூலையில கிடைச்சுது. 1987ல கனடாவோட பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பக்கம் வளர்த்த சிப்பியச் சாப்பிட்டவங்க நூறு பேருக்கு மேல நோயில விழுந்தாங்க, சிலர் செத்தும் போனாங்க, பொழைச்ச சிலருக்கு ஞாபக சக்தியே போயிடுச்சு. தேடிப் பாத்ததுல மாட்டினது டொமோயிக் ஆசிட். கடல்ல மிதக்குற ஒரு வகை நுண்பாசி சுரக்குற விஷம் இது, மூளை செல்லுகள அளவுக்கு மீறித் தூண்டிவிட்டே நாசம் பண்ணிடும். 1991ல அதே மான்டெரே வளைகுடாவுல பெலிகன் பறவைங்க தலை சுத்தி விழுந்து சாக ஆரம்பிச்சப்ப அதுலயும் இதே விஷம் கிடைச்சுது. அப்பறம் 1961ல கடல்ல எடுத்துப் பத்திரமா வெச்சிருந்த பழைய மாதிரிகள ஆராய்ச்சியாளர்கள் திறந்து பாத்தாங்க, அதுக்குள்ள அந்த விஷப்பாசி இருந்துச்சு.

வரிசையா வெச்சுப் பாருங்க. பாசி பெருகுது, பாசிய நெத்திலி தின்னுது, விஷம் நெத்திலிக்குள்ள சேருது, நெத்திலிய பறவை தின்னுது, பறவையோட மூளை குழம்புது, குழம்பின பறவை கண்டபடி பறந்து சுவத்துல மோதுது. ஒண்ணு நடந்ததால அடுத்தது, அது நடந்ததால அதுக்கும் அடுத்ததுன்னு போற இந்த வரிசைய காரணச் சங்கிலின்னு சொல்லலாம். இந்த மாதிரி பாசி பெருகுறதுக்குக் கடல் சூடாகறதும் கரையில இருந்து உரமும் கழிவும் கலக்குறதும் உதவி பண்ணலாம், அதாவது சங்கிலியில நம்ம கையும் எங்கயாவது பட்டிருக்கலாம். ஆனா முதல் கண்ணியில இருந்து கடைசி வரைக்கும் தேடினாலும் கோவம்னு ஒண்ணு எங்கயும் கிடைக்காது. அந்தப் பறவைங்க தாக்க வரல, செத்துக்கிட்டு இருந்துச்சு. இதப் படிச்சதுக்கு அப்பறம் அந்தப் படத்தத் திரும்பப் பாத்தப்ப பயத்த விட எனக்குப் பரிதாபம்தான் அதிகமா வந்துச்சு.

வெட்டுக்கிளிப் படையெடுப்பும் இதே மாதிரிதான். பாலைவன வெட்டுக்கிளி சாதாரணமா தனியா திரியற பூச்சி. மழைக்கு அப்பறம் எண்ணிக்கை ஏறி, சாப்பாடு இருக்குற கொஞ்ச இடத்துல எல்லாம் நெருக்கமா வந்து சேரும்போது ஒண்ணோட பின்னங்கால்ல இன்னொண்ணு உரசிக்கிட்டே இருக்கும், அந்த உரசல்லயே அதோட உடம்புல செரடோனின்ங்கிற ரசாயனம் ஏறி சில மணி நேரத்துல கூட்டத்தத் தேடிப் போற பூச்சியா மாறிடுதுன்னு 2009ல வந்த ஆய்வு காட்டுச்சு. வானத்தயே மறைக்குற அந்தப் படை கால் உரசுறதுல ஆரம்பிக்குது.

சுருக்கமா, படம் "யாரு மேல கோவம்"னு கேக்குது, நிஜம் "எதுனால எது நடந்துச்சு"ன்னு கேக்குது.

ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பயம்

அப்ப இந்தப் படங்கள் எல்லாம் சும்மாவான்னு கேட்டா, இல்லவே இல்ல. என்ன காரணத்தச் சொல்லி இயற்கைக்குக் கோவம் வந்துச்சுன்னு படம் சொல்லுதோ, அந்தக் காரணம் அந்தக் காலத்து ஜனங்க ராத்திரி தூங்காம யோசிச்ச விஷயமா இருக்கும்.

1954 மார்ச்ல அமெரிக்கா பிகினி தீவுகள்ல ஹைட்ரஜன் குண்டு சோதனை பண்ணுச்சு, அதோட கதிரியக்கச் சாம்பல் ஜப்பானோட ஒரு மீன்பிடிப் படகு மேல விழுந்து 23 மீனவர்களும் பாதிக்கப்பட்டாங்க, ஒருத்தர் அந்த செப்டம்பர்ல இறந்துட்டாரு. அதே வருஷம் நவம்பர்ல 'காட்சில்லா' வந்துச்சு, அணுகுண்டு சோதனையால கிளம்பி வந்த மிருகம், முதல் காட்சிகள்லயே ஒரு படகு அழியுது. ஹிரோஷிமா நடந்து ஒன்பதே வருஷம். அன்னைக்கு தியேட்டர்ல உக்காந்து பாத்த ஜப்பான்காரங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாக்கவே கஷ்டமா இருக்கு. அதே 1954ல அமெரிக்காவுல வந்த 'தெம்!' படத்துல அணுகுண்டு சோதனை நடந்த பாலைவனத்துல எறும்பு பூதாகரமா வளந்துடும். (எறும்பு அப்படி வளர முடியாது. ஒரு உயிர் நீளத்துல 10 மடங்கு ஆனா எடை 1000 மடங்கு ஏறும், ஆனா அதத் தாங்குற காலோட குறுக்களவு 100 மடங்குதான் ஏறும், அதனால அந்தக் கால் அப்படியே மடங்கிடும்.)

1970கள்ல பயம் மாறுச்சு. 1962ல ரேச்சல் கார்சன் பூச்சிமருந்தப் பத்தி எழுதின புத்தகம், 1970ல முதல் பூமி தினம், இதுக்கெல்லாம் பின்னாடி 1972ல வந்த 'ஃப்ராக்ஸ்'ல விஷ மருந்து அடிக்கிற பணக்காரக் குடும்பத்த சதுப்பு நிலத்து ஜந்துக்கள் எல்லாம் சேந்து சுத்தி வளைக்குது. 1977ல வந்த 'டே ஆஃப் தி அனிமல்ஸ்'ல ஓசோன் படலம் மெலிஞ்சதால மலை மேல இருக்குற மிருகங்களுக்கு வெறி பிடிக்கும். ஓசோன் படலம்னா சூரியனோட புற ஊதாக் கதிர வடிகட்டுற, ரொம்ப உயரத்துல இருக்குற ஒரு வாயு அடுக்கு. ஃப்ரிட்ஜ்லயும் ஸ்ப்ரேலயும் இருந்த சி.எஃப்.சி. வாயுவால அது கெடும்னு மொலினா, ரோலண்ட்னு ரெண்டு வேதியியல் ஆய்வாளர்கள் எழுதினது 1974ல, மூணு வருஷத்துல சினிமாவுக்கு வந்துடுச்சு. மிருகத்துக்கு வெறி பிடிக்கும்ங்கிறது கற்பனை, ஆனா ஓசோன் கெடுதுங்கிறது நிஜம். 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு நாடுகள் அந்த வாயுவ நிறுத்திக்கிட்டே வந்தாங்க, இப்ப படலம் மெதுவா தேறிட்டு வருது, அண்டார்டிகா மேல 2066 வாக்குல பழையபடி ஆகும்னு ஐ.நா. மதிப்பீடு சொல்லுது. இத நான் திரும்பத் திரும்ப எல்லார்கிட்டயும் சொல்லுவேன், ஏன்னா பழிவாங்க வந்த ஆளா இருந்தா கால்ல விழுந்து சமாதானம் பண்ணணும், ஓசோனுக்கு யாரும் கால்ல விழல, சங்கிலியில ஒரு கண்ணிய அறுத்தாங்க, அவ்ளோதான்.

ஊளையிடுற மைக்கும் உறையற நகரமும்

2004ல வந்த இயக்குநர் ரோலண்ட் எமரிக்கோட 'தி டே ஆஃப்டர் டுமாரோ'லதான் (கடல் நீரோட்டம் நின்னுபோய் சில நாள்லயே பாதி உலகம் உறைஞ்சு போற கதை) இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகுது, அதுல நிஜ அறிவியலும் கற்பனையும் பிரிக்க முடியாத மாதிரி பின்னியிருக்கும். பிரிச்சுப் பாப்போம்.

ஒரு கூட்டத்துல மைக்க ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா 'கூ'ன்னு ஊளையிடும்ல, ஸ்பீக்கர்ல வந்த சத்தம் மைக்குள்ள போய், பெருசாகித் திரும்ப ஸ்பீக்கர்ல வந்து, திரும்ப மைக்குள்ள போய்னு ஏறிக்கிட்டே போகும். விளைவே திரும்பி வந்து காரணத்த வளக்குறதுக்குப் பின்னூட்டம்னு பேரு. வடதுருவப் பக்கம் இருக்குற பனி வெள்ளையா இருக்குறதால வெயிலத் திருப்பி அனுப்புது, சூடு ஏறி பனி உருகுனா கீழ இருக்குற கருநீலக் கடல் வெயில உறிஞ்சுது, அதனால இன்னும் சூடு, இன்னும் உருகல். பழிவாங்கல் மாதிரி நமக்குத் தெரியறதுல பாதி இந்தப் பின்னூட்டம்தான், சின்னதா தள்ளினோம், பெருசா திருப்பி அடிக்குது.

படத்துல வர்ற கடல் நீரோட்டம் நிஜம். அட்லாண்டிக்ல சூடான உப்புத் தண்ணி மேல்மட்டத்துல வடக்க போகுது, அங்க குளிர்ந்து கனமாகி ஆழத்துக்கு இறங்கி தெற்க திரும்புது. கிரீன்லாந்துப் பனி உருகி நல்ல தண்ணி கலந்தா கடல் தண்ணியோட உப்பு நீர்த்துப் போகும், எடை குறையும், இறங்கறது மந்தமாகும். இந்த ஓட்டம் இந்த நூற்றாண்டுல பலவீனமாகும்னு 2021ல வந்த ஐ.பி.சி.சி. (காலநிலை ஆய்வுகளத் தொகுத்துச் சொல்ற ஐ.நா. குழு) அறிக்கையும் சொல்லுது, ஆனா 2100க்குள்ள திடீர்னு நின்னுடாதுன்னு ஓரளவு நம்பிக்கையோட சொல்லுது. இந்த விஷயத்துல ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதம் பண்ணிட்டுதான் இருக்காங்க. நின்னாலும் அது பல பத்து வருஷக் கணக்கு, படத்துல வர்ற நாள் கணக்கு கிடையாது.

அப்பறம் அந்த நியூயார்க் உறையற காட்சி. வானத்து உச்சியில இருக்குற பயங்கரக் குளிர்காத்து விறுவிறுன்னு கீழ இறங்கித் தொட்டதையெல்லாம் உறைய வெக்கும். சைக்கிளுக்குக் காத்தடிச்சிருக்கீங்களா, அடிக்க அடிக்க பம்போட அடிப்பக்கம் சூடாகும், ஏன்னா அமுக்கப்பட்ட காத்து சூடேறும். மேல இருந்து இறங்கற காத்தும் கீழ இருக்குற அழுத்தத்துல அமுங்கும், ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகும், அதனால தரைக்கு வரும்போது அந்தக் குளிரு அதுல இருக்காது. அந்தக் காட்சி மொத்தமா கற்பனை.

ஆக நீரோட்டம் நிஜம், பின்னூட்டம் நிஜம், வேகமும் உறையற காத்தும் சினிமா.

படம் பாத்தவங்களுக்கு என்ன ஆகுது

இந்தப் படம் அமெரிக்காவுல ஓடினப்ப ஆந்தனி லைசரோவிட்ஸ்னு ஒரு ஆய்வாளர் ஜனங்ககிட்ட கேட்டுப் பாத்தாரு, படம் பாத்தவங்க பாக்காதவங்கள விட காலநிலை மாற்றத்தப் பத்தி அதிகமா கவலைப்பட்டது தெரிஞ்சுது. தப்பான அறிவியல் உள்ள படமும் சரியான கவலைய உண்டாக்கலாம் போல.

சுறாவுக்கு நேர்மாறா நடந்துச்சு. உலகம் முழுக்க ஒரு வருஷத்துல சுறா தாக்கிச் சாகுறவங்க சராசரியா 10 பேருக்கும் குறைவு, மனுஷன் வருஷத்துக்குக் கொல்ற சுறா சுமார் 10 கோடின்னு 2013ல வந்த ஒரு மதிப்பீடு. பெரும்பகுதி மீன்பிடித் தொழிலால சாகுறது, ஆனா சுறான்னா கொல்ல வேண்டியதுதான்ங்கிற மனநிலைய வளத்ததுல 'ஜாஸ்'க்கும் பங்கு உண்டு. அந்த நாவல 1974ல எழுதின பீட்டர் பெஞ்ச்லியே பின்னாடி சுறாக்களக் காப்பாத்துறதுக்காக வருஷக்கணக்கா உழைச்சாரு, ஸ்பீல்பெர்க்கும் 2022ல ஒரு ரேடியோ பேட்டியில சுறாக்கள் அழிஞ்சதுக்கு வருத்தப்படுறதா சொன்னாரு. ஒரு மீனுக்குப் பொய்யா ஒரு வன்மத்தக் குடுத்ததுக்கு விலை குடுத்தது அந்த மீன்தான், எனக்கு இது மனசு ஆறவே இல்ல.

அடி யாரு மேல விழுது

பழிவாங்கல் படத்துல நான் ஒத்துக்கவே முடியாத பொய் வேகமோ பூதாகர எறும்போ கிடையாது. அதுல தப்புப் பண்ணவன்தான் சாவான். பேராசை பிடிச்ச கம்பெனி முதலாளி, எச்சரிக்கையக் கேக்காத மேயர், மருந்தடிச்ச பணக்காரன், ஒருத்தர் விடாம கடைசி அரை மணி நேரத்துல மாட்டிக்குவாங்க, நல்ல குடும்பம் மயிரிழையில தப்பிச்சு சூரிய உதயத்தப் பாக்கும். கோவத்துக்கு முகவரி தெரியும்ங்கிறதால கதை அப்படித்தான் முடிஞ்சாகணும்.

காரணச் சங்கிலிக்கு முகவரி தெரியாது. எந்த ஊர் புகைபோக்கியில இருந்து கிளம்பின கார்பன் டை ஆக்சைடா இருந்தாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல உலகம் முழுக்க இருக்குற காத்துல கலந்துடுது, அப்பறம் அது யாரோடதுன்னு பிரிக்க முடியாது. உலகத்துல அதிகமா வெளியேத்துற 10 சதவீதக் குடும்பங்களோட பங்கு மட்டும் மொத்தத்துல 34ல இருந்து 45 சதவீதம்னு ஐ.பி.சி.சி. சொல்லுது, சூடு மட்டும் எல்லாருக்கும் பொது. பசிபிக் கடல்ல இருக்குற துவாலு நாட்ட எடுத்துக்கங்க, மொத்த ஜனத்தொகையே பத்தாயிரம் சொச்சம், நிலம் கடல் மட்டத்துல இருந்து சில மீட்டர் உயரம்தான், உலகத்தோட மொத்தப் புகையில அவங்க பங்க எண்ணிக் காட்டவே முடியாது. அங்க கடல் 100 மாடி உயரத்துக்கு எழும்பி வரல. கடல் ஏத்தம் ரொம்ப அதிகமா இருக்குற நாள்ல தரைக்கு அடியில இருந்தே உப்புத் தண்ணி ஊறி மேல வருது, தோட்டம் கெட்டுப் போகுது, குடிதண்ணி கெட்டுப் போகுது. 2023 நவம்பர்ல ஆஸ்திரேலியாவோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, வருஷத்துக்கு 280 பேரு அங்க போய்க் குடியேறிக்கலாம், யாரு போறதுன்னு குலுக்கல் மூலமா முடிவாகும்.